மூணு மில்லிமீட்டர் சண்டை: 2012-13 ஜயன்ட் ஸ்லாலம் சீசனின் கதை

2012 அக்டோபர் 28. ஆஸ்திரியாவில் ஸோல்டன் என்கிற மலை ஊர். அங்கே ரெட்டன்பாக் பனியாற்றின் மேல் ஆண்களுக்கான ஜயன்ட் ஸ்லாலம் உலகக் கோப்பை சீசனின் முதல் போட்டி. அமெரிக்காவின் டெட் லிகெட்டி முதலிடம். இரண்டாவதாக வந்த இத்தாலியின் மன்ஃப்ரெட் மோல்க் அவரைவிட 2.75 விநாடி பின்னால்.

"வெறும் 2.75 விநாடி தானே பாஸ்?"னு தோணலாம். இந்த விளையாட்டில் நூறில் ஒரு பங்கு விநாடியில் பதக்கம் கை மாறும். அரை விநாடி இடைவெளியில் ஜெயிச்சாலே பெரிய வெற்றி. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகிறவருக்கு 2.75 விநாடி என்றால் 45 மீட்டருக்கும் மேல். 1970-களின் கடைசியில் ஸ்வீடனின் இங்கெமார் ஸ்டென்மார்க் எல்லாரையும் அடிச்சு நொறுக்கிய காலத்துக்கு அப்புறம், ஆண்கள் ஜயன்ட் ஸ்லாலத்தில் இவ்வளவு பெரிய இடைவெளியைப் பார்க்கவே முடியவில்லை.

ஆனால் இந்தக் கட்டுரை அந்த இடைவெளியைப் பற்றியது மட்டும் இல்லை. அந்த சீசனில்தான் ஸ்கீயின் வடிவத்தை மாற்றும் ஒரு புது விதி அமலுக்கு வந்தது. அந்த விதியை உலகத்திலேயே அதிக சத்தமாக எதிர்த்தவர் யார் தெரியுமா? அதே டெட் லிகெட்டி!

எதிர்த்தவரே ஏன் அதிக லாபம் அடைந்தார்? அவர் ஜெயித்துவிட்டதால் அவருடைய எதிர்ப்பு தப்பு என்று ஆகிவிடுமா? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் நாம் முதல் வருஷத்தில் படிக்கிற ஜியோமெட்ரியிலும் மெக்கானிக்ஸிலும் இருக்கு. வாங்க, பொறுமையா பார்ப்போம்.

முதல்ல, இது என்ன ஆட்டம்?

ஆல்பைன் பனிச்சறுக்கில் நான்கு முக்கியமான பிரிவுகள். டவுன்ஹில் என்றால் வேகம் மட்டும்தான் பிரதானம். சூப்பர்-ஜி அதைவிடக் கொஞ்சம் வளைவு அதிகம். ஸ்லாலம் என்றால் நெருக்கமாக நட்ட கம்பங்களுக்கு இடையே படபடவென்று திரும்பித் திரும்பி இறங்குவது. இவற்றுக்கு நடுவில் இருப்பது ஜயன்ட் ஸ்லாலம். வேகமும் வேணும், திருப்பமும் வேணும். அதனால்தான் பனிச்சறுக்கின் அடிப்படைத் திறமையை அளக்க இதைவிட நல்ல பரீட்சை இல்லை என்று பல பயிற்சியாளர்கள் சொல்வார்கள்.

ஆண்கள் பந்தயத்தில் தொடக்கப் புள்ளிக்கும் முடிவுப் புள்ளிக்கும் உள்ள உயர வித்தியாசம் 250 முதல் 450 மீட்டர் வரை. வழியில் சிவப்பு, நீலம் என்று மாறி மாறி கேட்கள். ஒவ்வொன்றையும் சரியான பக்கமாகச் சுற்றி வரணும். ஒன்றைத் தவறவிட்டாலும் ஆட்டம் காலி.

ஒரே நாளில் இரண்டு ஓட்டம். முதல் ஓட்டத்தில் முதல் 30 இடம் பிடித்தவர்களுக்கு மட்டும் இரண்டாவது வாய்ப்பு. அதில் 30-ஆவது ஆள் முதலில் இறங்குவார், முதலிடத்தில் இருப்பவர் கடைசியில் இறங்குவார். இரண்டு ஓட்ட நேரத்தையும் கூட்டினால் யாருக்குக் குறைவோ அவர் வெற்றியாளர். ஜெயித்தவருக்கு 100 புள்ளி, அடுத்தவருக்கு 80, மூன்றாமவருக்கு 60, இப்படியே குறைந்து 30-ஆவது ஆளுக்கு 1 புள்ளி. சீசன் முழுக்க இந்தப் புள்ளிகளைக் கூட்டி, அந்தப் பிரிவில் முதலிடம் பிடித்தவருக்கு ஒரு சின்ன கண்ணாடிக் கோளத்தைக் கோப்பையாகக் கொடுப்பார்கள். 2012-13 சீசனில் ஆண்கள் ஜயன்ட் ஸ்லாலத்துக்கு எட்டுப் போட்டிகள்.

ஸ்கீக்கு இடுப்பு உண்டு

ஸ்கீயை மேலிருந்து பார்த்தால் அது நேரான பலகை இல்லை என்று தெரியும். முன்பக்கமும் பின்பக்கமும் அகலமாக இருக்கும், நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கியிருக்கும். பக்கவாட்டு விளிம்பு ஒரு பெரிய வட்டத்தின் சிறு வில். அந்த வட்டத்தின் ஆரத்தைத்தான் ஸ்கீயின் ஆரம் என்கிறார்கள்.

ஸ்கீயைப் பனியில் பக்கவாட்டாகச் சாய்த்து அழுத்தினால், ஒடுங்கிய நடுப்பகுதியும் பனியைத் தொடும் வரை அது வளையும். வளைந்த விளிம்பு பனியில் கத்தி மாதிரி இறங்கி, தன்னால் ஒரு வளைவில் ஓடும். இதற்குப் பெயர் கார்விங். சறுக்கித் தேய்க்காமல் கீறிக்கொண்டே திரும்புவது. நல்ல கார்விங் திருப்பம் பனியில் இரண்டு மெல்லிய கோடுகளை மட்டும் விட்டுச்செல்லும். தேய்த்துத் திரும்பினால் பனி மேகமாகத் தெறிக்கும். அந்த மேகம் என்ன? வீரரின் இயக்க ஆற்றல்தான் அப்படி வீணாய்ப் போகுது. வேகம் குறையுது, நேரம் கூடுது.

ஆரம் குறைவான ஸ்கீக்கு இடுப்பு ஆழம் அதிகம், அது சுலபமாகத் திரும்பும். ஆரம் அதிகமானால் இடுப்பு ஆழம் குறைவு, அது நேராகப் போகவே ஆசைப்படும்.

2011-12 சீசன் வரை ஆண்கள் ஜயன்ட் ஸ்லாலம் ஸ்கீக்குக் குறைந்தபட்ச ஆரம் 27 மீட்டர், குறைந்தபட்ச நீளம் 185 செ.மீ. 2012-13 முதல் ஆரம் 35 மீட்டர், நீளம் 195 செ.மீ. என்று சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பான எஃப்.ஐ.எஸ். மாற்றியது.

27-க்கும் 35-க்கும் நடுவே கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் எவ்வளவு? பள்ளிக்கூடத்தில் படித்த நாண், வில் கணக்குதான். இடுப்பு ஆழம் = நீளத்தின் வர்க்கம் ÷ (8 × ஆரம்). பனியைத் தொடும் நீளம் 1.7 மீட்டர் என்று வச்சுக்கோங்க. 27 மீட்டர் ஆரத்துக்கு இடுப்பு ஆழம் 13.4 மி.மீ. 35 மீட்டருக்கு 10.3 மி.மீ. வித்தியாசம் சுமார் 3 மில்லிமீட்டர்!

ஒரு பக்கத்துக்கு மூணே மூணு மில்லிமீட்டர். இதற்காகத்தான் ஒரு விளையாட்டே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது.

எதுக்கு இந்த மாற்றம்?

முழங்கால். ஒரே வார்த்தையில் பதில் அதுதான்.

எஃப்.ஐ.எஸ். 2006-இல் நார்வேயின் ஓஸ்லோ விளையாட்டுக் காய ஆராய்ச்சி மையத்தோடு சேர்ந்து காயங்களை முறையாகக் கணக்கெடுக்க ஆரம்பித்தது. முதல் இரண்டு சீசன்களின் கணக்கில், உலகக் கோப்பை ஆல்பைன் வீரர்கள் 100 பேருக்கு ஒரு சீசனில் 36-க்கும் மேற்பட்ட காயங்கள். அதிகம் அடிபட்ட இடம் முழங்கால். அதிலும் முன் சிலுவைத் தசைநார் அறுந்தால் அந்த சீசனே போச்சு. சிலருக்கு விளையாட்டு வாழ்க்கையே போச்சு.

அந்த ஆராய்ச்சியாளர்கள், தசைநார் அறுந்த 20 சம்பவங்களின் வீடியோவை ஃபிரேம் ஃபிரேமாக ஆராய்ந்தார்கள். அதில் பாதி, அதாவது 10 சம்பவங்கள் ஒரே மாதிரி நடந்திருந்தன. திருப்பத்தில் வெளிப்பக்கக் கால் ஸ்கீ ஒரு நொடி பனியை விட்டு நழுவுகிறது. வீரர் அதைத் திரும்ப ஊன்ற, உள்விளிம்பு சட்டென்று பனியைக் கவ்வுகிறது. கவ்விய ஸ்கீ தன் வளைவுப் பாதையில் வெட்டென்று திரும்ப, பாதம் அதோடு போக, உடம்பு வேறு பக்கம் போக, நடுவில் மாட்டுவது முழங்கால். இதில் கவனிங்க: வீரர் கீழே விழுவதற்கு முன்பே தசைநார் அறுந்துவிடுகிறது. விழுந்ததால் வந்த காயம் இல்லை, ஸ்கீ கவ்வியதால் வந்த காயம்.

ஆக, ஸ்கீ இவ்வளவு வேகமாகத் தன்னிச்சையாகத் திரும்புவதுதான் பிரச்சினை என்றால், அந்தக் குணத்தைக் குறைக்கணும். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் சோதனை ஸ்கீகளை வைத்து ஆராய்ந்தார்கள். நீளத்தையும் ஆரத்தையும் கூட்டினால் ஸ்கீயின் முரட்டுத்தனம் குறையும் என்ற முடிவுக்கு எஃப்.ஐ.எஸ். வந்தது. 2011-இல் அறிவிப்பு, 2012-13-இல் அமல்.

எதிர்ப்பு

அறிவிப்பு வந்ததும் வீரர்கள் கொதித்தார்கள். முன்னணியில் நின்றவர் லிகெட்டி. யூட்டா மாநிலம் பார்க் சிட்டியைச் சேர்ந்தவர். 2008, 2010, 2011 என்று மூன்று முறை ஜயன்ட் ஸ்லாலம் கோளத்தை வென்றவர். 27 மீட்டர் ஸ்கீயில் உலகின் மிகச் சிறந்த ஆள் என்று சொல்லத்தக்கவர். இழப்பதற்கு அவரிடம் நிறைய இருந்தது.

தன் வலைப்பதிவில் எஃப்.ஐ.எஸ்.-ஐக் கிழித்துத் தொங்கவிட்டார். வீரர்களின் கருத்தைக் கேட்கவே இல்லை, இது சர்வாதிகாரம், விளையாட்டைப் பல வருஷம் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்பதெல்லாம் அவருடைய வாதம்.

இதைப் படிக்கும்போது "தோத்துடுவோம்னு பயம்"னு தோணலாம். ஆனால் அவருடைய வாதத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. எஃப்.ஐ.எஸ்.-க்கும் ஒரு கணக்கு இருந்தது. சுவாரஸ்யம் என்னன்னா, இரண்டும் ஒரே சூத்திரம்!

ஒரே சூத்திரம், ரெண்டு வாசிப்பு

கடினமான பனியில், ஸ்கீ கீறும் வளைவின் ஆரத்துக்கு ஒரு எளிய சூத்திரம் உண்டு:

வளைவின் ஆரம் = ஸ்கீயின் ஆரம் × கொசைன் (சாய்வுக் கோணம்)

சாய்வுக் கோணம் என்பது ஸ்கீ பனித்தளத்தோடு செய்யும் கோணம். தட்டையாக வைத்தால் 0 டிகிரி. சாய்க்கச் சாய்க்க கொசைன் மதிப்பு குறையும், வளைவு இறுகும். நிஜத்தில் பனியின் மென்மை, சரிவின் கோணம், ஸ்கீயின் விறைப்பு என்று எத்தனையோ விஷயங்கள் சேரும். ஆனாலும் விஷயத்தைப் புரிந்துகொள்ள இந்தச் சூத்திரம் போதும்.

வேகம் விநாடிக்கு 17 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு சுமார் 61 கி.மீ.

முதலில் எஃப்.ஐ.எஸ். வாசிப்பு. வீரர் ஸ்கீயை 55 டிகிரி சாய்க்கிறார். 27 மீட்டர் ஸ்கீ என்றால் வளைவின் ஆரம் 15.5 மீட்டர். 35 மீட்டர் ஸ்கீ என்றால் 20 மீட்டர். மையநோக்கு முடுக்கம் = வேகத்தின் வர்க்கம் ÷ ஆரம். பழைய ஸ்கீயில் அது சுமார் 1.9 ஜி. புது ஸ்கீயில் சுமார் 1.5 ஜி. அதே சாய்வு, ஆனால் உடம்பில் விழும் விசை ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. முழங்கால் தப்பிக்கும். சூப்பர்!

இப்போ வீரரின் வாசிப்பு. "சார், நான் எந்த ஆரத்தில் திரும்பணும்னு முடிவு பண்றது நான் இல்லை. கேட் எங்கே நட்டிருக்கோ அதுதான் முடிவு பண்ணுது." அந்த கேட்டைச் சுற்ற 15.5 மீட்டர் வளைவு தேவை என்றால் தேவைதான். பழைய ஸ்கீயில் அதற்கு 55 டிகிரி போதும். புது ஸ்கீயில் 64 டிகிரி சாய்க்கணும். விசை அதே 1.9 ஜி. ஒன்றும் குறையவில்லை. கூடுதலாக 9 டிகிரி சாய்வு, அதற்கான கூடுதல் உழைப்பு.

64 டிகிரி என்பது சும்மா இல்லை. கால்கள் பக்கவாட்டில் நீண்டு, இடுப்பு பனியை உரசும் நிலை. அப்படிச் சாய்வதற்கு நேரம் வேணும். திருப்பத்துக்குத் திருப்பம் இந்தப் பக்கம் 64, அந்தப் பக்கம் 64.

யார் சொல்வது சரி? சாய்வு மாறாது என்று வைத்துக்கொண்டால் எஃப்.ஐ.எஸ். சரி. பாதை மாறாது என்று வைத்துக்கொண்டால் வீரர் சரி. எதை மாறிலியாக எடுக்கிறோம் என்பதில்தான் மொத்தச் சண்டையும். நிஜப் பந்தயத்தில் இரண்டுமே கொஞ்சம் கொஞ்சம் மாறும். வீரர்கள் கொஞ்சம் அதிகம் சாய்வார்கள், கொஞ்சம் அகலமான பாதையில் போவார்கள், முடியாதபோது தேய்ப்பார்கள்.

லிகெட்டி மட்டும் எப்படி?

27 மீட்டர் ஸ்கீ காலத்தில் பலருக்கும் ஒரு குறுக்குவழி பழகியிருந்தது. கேட்டை நோக்கி முடிந்தவரை நேராகப் போவது. கடைசி நேரத்தில் ஸ்கீயைச் சறுக்கலில் திருப்பி, அடுத்த திசைக்கு வைத்து, அப்புறம் விளிம்பைப் பதிப்பது. ஸ்கீ தானாகவே கவ்வித் திரும்பிவிடும். திருப்பத்தின் மேல் பாதியில் தேய்ப்பு, கீழ்ப் பாதியில் மட்டும் கார்விங். தூரம் மிச்சம். தேய்ப்பில் போகும் வேகத்தைவிட அந்த மிச்சம் பெரிதாக இருந்தவரை இது லாபம்.

லிகெட்டியின் பாணி வேறு. முந்தைய திருப்பம் முடிந்த உடனேயே, கேட் வருவதற்கு வெகு முன்பே, அவர் சாய ஆரம்பித்துவிடுவார். பாதை வட்டமாக, கொஞ்சம் நீளமாக இருக்கும். ஆனால் திருப்பத்தின் உச்சியிலிருந்தே ஸ்கீ கீறிக்கொண்டு வரும். கேட் பக்கத்தில் வரும்போது பாதித் திருப்பம் முடிந்திருக்கும். வீடியோவில் பார்த்தால் இடுப்பும் கையும் பனியில் உரசும்.

புது ஸ்கீ வந்ததும் என்ன ஆச்சு? கடைசி நேரத்தில் திருப்பிப் பதித்தால், அந்த மிச்சத் தூரத்தில் 35 மீட்டர் ஸ்கீ தானாகத் திரும்பித் தரவில்லை. 64 டிகிரிக்குச் சாய நேரமும் இல்லை. அதனால் இன்னும் தேய்க்கணும், இன்னும் வேகம் போகும். குறுக்குவழிக்கு ஸ்கீ கொடுத்துவந்த மானியத்தை விதி நிறுத்திவிட்டது.

லிகெட்டிக்கு அந்த மானியம் அவ்வளவாகத் தேவைப்படவே இல்லை. சீக்கிரம் ஆரம்பிக்கிறவருக்கு அதிகம் சாய நேரம் இருக்கு. அவ்வளவுதான் ரகசியம். விதியால் அவர் வேகமாகிவிடவில்லை. எல்லாரும் மெதுவானார்கள், அவர் மற்றவர்களைவிடக் குறைவாக மெதுவானார்.

எட்டுப் போட்டி, ஆறு வெற்றி

ஸோல்டனுக்கு அப்புறம் டிசம்பரில் அமெரிக்காவின் பீவர் க்ரீக். சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னால் லிகெட்டி வெற்றி. இரண்டாமிடம் ஆஸ்திரியாவின் மார்செல் ஹிர்ஷருக்கு, 1.76 விநாடி பின்னால். ஹிர்ஷர் லேசுப்பட்ட ஆள் இல்லை. முந்தைய சீசனின் ஜயன்ட் ஸ்லாலம் கோளமும், எல்லாப் பிரிவுகளையும் சேர்த்த பெரிய கோளமும் அவருடையவை.

அடுத்து பிரான்ஸின் வால் டீசேர். அங்கே ஹிர்ஷர் பழிதீர்த்தார். அவர் முதலிடம், லிகெட்டி மூன்றாமிடம். "அப்பாடா, இவரும் மனுஷன்தான்" என்று மற்றவர்கள் மூச்சுவிட்டிருக்கலாம். ஒரு வாரம்தான். இத்தாலியின் ஆல்ட்டா பாடியாவில், செங்குத்தும் பனிக்கட்டியுமாக இருக்கும் கிரான் ரீசா சரிவில் லிகெட்டி 2.04 விநாடியில் ஜெயித்தார். மறுபடியும் இரண்டாமிடம் ஹிர்ஷர்.

ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் ஆடெல்போடன். லிகெட்டி வெற்றி, ஜெர்மனியின் ஃப்ரிட்ஸ் டோப்ஃபர் ஒரு விநாடிக்கும் மேல் பின்னால். பிப்ரவரி கடைசியில் ஜெர்மனியின் கார்மிஷ்-பார்டன்கிர்ஷன். இங்கே பிரான்ஸின் இளைஞர் அலெக்ஸி பான்தூரோ வெற்றி, லிகெட்டி மூன்றாமிடம். மார்ச்சில் ஸ்லோவேனியாவின் கிரான்ஸ்கா கோராவில் ஜெயித்துக் கோளத்தை உறுதி செய்தார். சீசனின் கடைசிப் போட்டியான சுவிட்சர்லாந்தின் லென்ஸர்ஹைடேவிலும் அவரே.

கணக்குப் போடுங்க: ஆறு வெற்றிக்கு 600, இரண்டு மூன்றாமிடத்துக்கு 120, மொத்தம் 720 புள்ளி. அதிகபட்சம் 800 தான் சாத்தியம். எட்டில் எட்டு முறையும் மேடை ஏறினார்.

நடுவில் பிப்ரவரியில் ஆஸ்திரியாவின் ஷ்லாட்மிங்கில் உலக சாம்பியன்ஷிப் நடந்தது. அதுவரை உலகக் கோப்பையில் ஒரு சூப்பர்-ஜி கூட ஜெயிக்காத லிகெட்டி, அங்கே சூப்பர்-ஜி தங்கம் வாங்கினார். சூப்பர் கம்பைண்டில் தங்கம். ஜயன்ட் ஸ்லாலத்தில், ஹிர்ஷரின் சொந்த ஊர் ரசிகர் கூட்டத்துக்கு நடுவே, அவரை 0.81 விநாடியில் முந்தி மூன்றாவது தங்கம். 1968-இல் பிரான்ஸின் ழான்-குளோட் கில்லிக்கு அப்புறம் ஒரே உலக சாம்பியன்ஷிப்பில் ஒரு ஆண் மூன்று தங்கம் வென்றது அப்போதுதான்.

அப்போ விதி ஜெயிச்சிடுச்சா?

"பாத்தியா, எதிர்த்தவரே ஜெயிச்சுட்டார். விதி நல்ல விதிதான்" என்று ஒரு கூட்டம் பேசியது. இந்த வாதத்தில் ஒரு பெரிய ஓட்டை. விதி எதற்காக வந்தது? நல்ல வெற்றியாளரைக் கண்டுபிடிக்கவா? முழங்காலைக் காப்பாற்ற. அப்படியென்றால் அளக்கவேண்டியது யார் ஜெயித்தார் என்பதை இல்லை, எத்தனை பேர் அடிபட்டார்கள் என்பதை. லிகெட்டியின் 720 புள்ளி விதியின் பாதுகாப்பைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. அவர் தோற்றிருந்தாலும் ஒன்றும் சொல்லியிருக்காது. ஜெயித்த பிறகும் அவர் விதியைப் புகழ்ந்து பேச ஆரம்பிக்கவில்லை. அதில் முரண்பாடும் இல்லை. ஒரு விதியை எதிர்ப்பதும், அது வந்துவிட்டால் அதில் மற்றவர்களைவிட நன்றாக ஆடுவதும் ஒரே ஆளால் முடியும்.

காயக் கணக்கு என்ன சொன்னது? அதே ஓஸ்லோ மையத்தினர், விதிக்கு முந்தைய ஆறு சீசன்களையும் பிந்தைய மூன்று சீசன்களையும் ஒப்பிட்டு 2016-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். உலகக் கோப்பையில் மொத்தக் காய விகிதம் விதிக்குப் பிறகு குறைவாக இருந்தது. நல்ல செய்திதான். ஆனால் நம்ம லேப் ரெக்கார்டு பாஷையில் சொன்னா, இது ஒரே ஒரு மாறியை மட்டும் மாற்றிச் செய்த சோதனை இல்லை. சீசனுக்கு சீசன் பனி மாறும், பாதை அமைப்பு மாறும், வீரர்களும் மாறுவார்கள். குறைவுக்கு ஸ்கீ எவ்வளவு காரணம், மற்றவை எவ்வளவு காரணம் என்று பிரிப்பது கஷ்டம்.

இன்னொரு பக்கம், முதுகு. 9 டிகிரி அதிகம் சாய, இடுப்பை மடக்கி, முதுகெலும்பைத் திருகி, அதன் மேல் உடம்பு எடையைப்போல் இரண்டு மடங்கு விசையைத் தாங்கி, ஒரு நாளைக்குப் பல ஓட்டம் பயிற்சி செய்தால் என்ன ஆகும்? வீரர்களிடமிருந்து முதுகுவலிப் புகார்கள் வந்தன. கடைசியில் 2017-18 சீசனிலிருந்து எஃப்.ஐ.எஸ். ஆண்களுக்கான ஆரத்தை 35-இலிருந்து 30 மீட்டராகவும், நீளத்தை 193 செ.மீ. ஆகவும் குறைத்தது. 27-உம் இல்லை, 35-உம் இல்லை, நடுவில் ஒரு எண். நம்ம இடுப்பு ஆழக் கணக்கில் அது 12 மி.மீ.

மற்றவர்கள் சும்மா இருந்தார்களா?

லிகெட்டியின் இடைவெளி நிரந்தரம் இல்லை. அடுத்த சீசனான 2013-14-இல், சோச்சி ஒலிம்பிக் ஜயன்ட் ஸ்லாலம் தங்கத்தை அவர் வென்றார். ஆனால் உலகக் கோப்பையில் அவரும் ஹிர்ஷரும் ஆளுக்கு 560 புள்ளி என்று சமமாக முடித்தார்கள். வெற்றிகளின் எண்ணிக்கை அதிகம் என்பதால் மட்டும் கோளம் லிகெட்டிக்குப் போனது. 2.75 விநாடியில் ஆரம்பித்த கதை இரண்டே சீசனில் டை-பிரேக்கரில் வந்து நின்றது.

அதற்குப் பிறகு 2015, 2016, 2017 என்று அதே 35 மீட்டர் ஸ்கீயில் ஹிர்ஷர் தொடர்ந்து கோளம் வென்றார். 30 மீட்டர் வந்த பிறகு 2018, 2019-இலும் அவரே. ஸ்கீ மாறினால் புது ஸ்கீக்கு என்ன தேவையோ அதைக் கற்றுக்கொண்டு வந்து நின்ற ஆள். லிகெட்டி முதுகுப் பிரச்சினையால் 2021 பிப்ரவரியில் ஓய்வு பெற்றார். அந்த முதுகுக்கு 35 மீட்டர் ஸ்கீதான் காரணம் என்று நாம் சொல்ல முடியாது. பதினைந்து வருஷத்துக்கும் மேல் உலக அளவில் பனியில் இறங்கிய உடம்பு அது.

நமக்கு இதில் என்ன இருக்கு?

நாளைக்கு நம்மில் சிலர் விதி எழுதும் இடத்தில் இருப்போம். பிரேக்குக்கு, லிஃப்டுக்கு, பேட்டரிக்கு. அப்போது நேரடியாகக் கட்டுப்படுத்த முடியாத ஒன்றை, அளக்கச் சுலபமான வேறொன்றை வைத்துக் கட்டுப்படுத்தப் பார்ப்போம். எஃப்.ஐ.எஸ்.-க்குக் குறைக்கவேண்டியிருந்தது முழங்காலில் விழும் விசையை. அதை யாரும் ஸ்கேல் வைத்து அளக்க முடியாது. ஸ்கீயின் இடுப்பை அளக்கலாம். அதனால் இடுப்பை மாற்றினார்கள்.

அது தப்பு இல்லை, வேறு வழியும் பெரிதாக இல்லை. ஆனால் நடுவில் ஒரு மனுஷன் நிற்கிறான். நீங்க ஒரு எண்ணை மாற்றினால் அவன் தன் நடத்தையை மாற்றுவான். சாய்வு மாறாது என்று நீங்க கணக்குப் போட்டிருப்பீங்க, அவன் அதிகம் சாய்வான். முழங்காலில் குறைத்த சுமை முதுகில் போய் உட்காரலாம். அதனால் விதி போட்டதோடு வேலை முடியாது. அதற்குப் பிறகும் உட்கார்ந்து எண்ணணும், தேவைப்பட்டால் எண்ணைத் திருத்தணும். 27-லிருந்து 35, 35-லிருந்து 30 என்று எஃப்.ஐ.எஸ். வந்த பாதையை வெட்கக்கேடு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது ஒழுங்கான இன்ஜினியரிங் மாதிரிதான் தெரியுது. வீரர்களின் பேச்சை 2011-லேயே இன்னும் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டிருந்தால் அந்தப் பாதை சின்னதாகியிருக்குமோ என்ற சந்தேகமும் கூடவே இருக்கு.

ஒவ்வொரு அக்டோபர் கடைசியிலும் ஸோல்டன் பனியாற்றில்தான் உலகக் கோப்பை சீசன் தொடங்குவது வழக்கம். எப்போதாவது வீடியோ கண்ணில் பட்டால் கேட்டைப் பார்க்காதீங்க, ஸ்கீக்குக் கீழே பாருங்க. கேட்டுக்கு மேலேயே மெல்லிய கோடு விழுந்தால் அந்த ஆள் சீக்கிரம் ஆரம்பிச்சிட்டார். பனி மேகமாகத் தெறித்தால் லேட். கடிகாரம் சொல்வதற்கு முன்னாடியே யார் முன்னால் போறாங்கன்னு உங்களுக்குத் தெரிஞ்சிடும்.